வேலூர் 1806: கோட்டையில் கொடியேறிய விடியலை எண்ணெய் வண்ணத்தில் வரையும் முறை

கிளர்ச்சியைப் படமாக வரையப் புறப்படுபவர்கள் முதலில் செய்வது, நடந்த எல்லாவற்றையும் ஒரே கேன்வாஸில் திணிப்பது. இந்தப் பக்கம் துப்பாக்கிச் சூடு, அந்தப் பக்கம் குதிரைப்படை, நடுவில் கொடி, மூலையில் தூக்குமரம். பார்ப்பவருக்கு அப்போது மணி என்ன என்று தெரியாது. மணி தெரியாத படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாது. வெளிச்சம் தெரியாவிட்டால் மற்ற எதையும் நம்ப முடியாது. அதனால் கரித்துண்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே நேரத்தை முடிவு செய்துவிடுங்கள். மற்ற முடிவுகள் பாதி தானாக வந்துவிடும்.

வேலூர் சிப்பாய்ப் புரட்சி 1806 ஜூலை 10 அன்று, விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கியது. மதராஸ் படைத்தலைவர் ஜான் கிரடாக்கின் உடை விதிகள்தான் உடனடிக் காரணம். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் மதக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் வெட்ட வேண்டும், தோல் பட்டயம் வைத்த தொப்பி போன்ற புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். மறுத்த சிப்பாய்களில் இருவருக்கு மே மாதத்தில் ஆளுக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 9 அன்று கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்தில் திருமணம். அன்றிரவே சிப்பாய்கள் எழுந்தார்கள். 69ஆம் படைப்பிரிவின் ஆங்கிலேயச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்த கொட்டடிமீது சுட்டார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். விடியும்போது கோட்டை சிப்பாய்கள் கையில் இருந்தது, மேலே மைசூரின் புலிவரிக் கொடி. காலையில் ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து, பீரங்கியால் கதவை உடைத்து, கோட்டையைத் திரும்பப் பிடித்தார். சுமார் 350 சிப்பாய்கள் அன்று மாண்டார்கள். அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த நூறு பேர் அளவில் வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள்.

வரையத் தகுந்த தருணங்கள் மூன்று: இரவுத் தாக்குதல், விடியலில் கொடியேற்றம், காலையில் சுவரோரப் படுகொலை. மூன்றாவதற்கு ஏற்கெனவே ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. 1808 மே மாதம் மாட்ரிட்டில் எழுந்த மக்களைப் பிரெஞ்சுப் படை சுட்டுக்கொன்றதை ஸ்பானிய ஓவியர் கோயா 1814இல் வரைந்தார். தரையில் வைத்த ஒரு விளக்குதான் அந்தப் படத்தின் முழு வெளிச்சமும். சுடுபவர்களின் முகம் தெரியாது, சாகப்போகிறவனின் முகம் மட்டும் தெரியும். வேலூர்ச் சுவரை வரைந்தால் அந்த அமைப்பு உங்களை விடாமல் இழுக்கும். மேலும் சிப்பாய்களைப் பலியானவர்களாக மட்டும் காட்டுவது அவர்களுக்குக் குறை செய்வதாகும். சில மணி நேரமாவது அவர்கள் அந்தக் கோட்டைக்குச் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். எனவே இங்கே சொல்லும் முறை கொடியேற்றத்துக்கானது: கிழக்கு வெளுத்து, சூரியன் இன்னும் வராத அந்த இருபது நிமிடம்.

வானத்தைக் கணக்கிடுவது

1806 ஜூன் 16 அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது, அதாவது அமாவாசை. அங்கிருந்து எண்ணினால் ஜூலை 10 அதிகாலை தேய்பிறை அஷ்டமியைத் தாண்டிய நாள். அரை நிலாவை விடச் சற்றே மெலிந்த நிலா நள்ளிரவு கழிந்து உதித்திருக்கும். மூன்று மணிக்குக் கிழக்கு வானில் மூன்றில் ஒரு பங்கு உயரம். விடியும்போது கிட்டத்தட்ட உச்சியை நெருங்கியிருக்கும். ஆக, மலைமேல் பிறை தொங்க, பக்கத்தில் கொடி பறக்கும் அந்த அழகான யோசனையை விட்டுவிடுங்கள். கொடியேற்ற நேரத்தில் நிலா உங்கள் சட்டத்துக்கு வெளியே, மேலே இருக்கிறது. இரவுத் தாக்குதலை வரைபவர் மட்டும் நிலாவை வைத்துக்கொள்ளலாம்.

சூரியனின் பாதையோ அன்றும் இன்றும் ஒன்றுதான். ஜூலை 10 அன்று வேலூரில் இன்றைய கடிகாரப்படி ஏறக்குறைய 5.50க்குச் சூரியோதயம், நேர் கிழக்கில் அல்ல, வடக்கே இருபது பாகைக்கும் மேல் தள்ளி. ஜூலை முதல் பாதியில் ஏதாவது ஒரு நாள் 5 மணிக்கே அகழியோரம் போய் நின்று, பத்து நிமிடத்துக்கு ஒரு சிறு வண்ணக் குறிப்பு எடுத்தால் அதைவிடச் சிறந்த ஆதாரம் வேறில்லை. உள்ளங்கை அளவு அட்டைகள் ஆறு போதும். புகைப்படத்தை நம்பாதீர்கள், கைபேசி விடியலை எப்போதும் வெளிச்சமாக்கிக் காட்டும், நிழலில் இருக்கும் நிறங்களைப் பொய்யாக மிகைப்படுத்தும்.

ஜூலையில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிழக்கு நோக்கிப் பார்க்கும்படி படத்தை அமைத்தால் கொடி பார்ப்பவரை விட்டு விலகிப் பறக்கும். வரிகள் தெரியாமல் குறுகிய துணித் துண்டாகிவிடும். வடக்கு நோக்கி அமையுங்கள். விடியலின் வெளுப்பு சட்டத்தின் வலது ஓரத்துக்கு அப்பால் இருக்கும், கொடியும் புகையும் வலப்புறம் சாயும், ஆட்களின் முகத்தில் நமக்கு வலப்புறமாகத் தெரியும் கன்னத்தில் குளிர்ந்த ஒளி விழும். இடது மூலையில் ஒரு தீப்பந்தத்தை வைத்தால் இன்னொரு கன்னத்துக்குச் சூடான ஒளி கிடைக்கும். இரண்டு ஒளிக்கும் நடுவில் முகங்கள் உருண்டு எழும். அதிகாலைக் காற்று மெலிந்தது என்பதால் கொடியை முழுக்க விரிக்காமல் பாதி தொய்வாக வரைவது பொருத்தம்.

என்ன இருந்தது, என்ன இல்லை

கோட்டைக்குப் போய் கருங்கல் சுவரையும் வட்டக் கொத்தளங்களையும் கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பையும் கையால் வரைந்து பழகுங்கள். கேமரா முக்காலி வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும்; வரைபலகைக்குச் சிக்கல் வராது. ஆனால் கண்ணில் படுவதை எல்லாம் அப்படியே எடுக்கக் கூடாது. கோட்டைக்குள் இருக்கும் புனித ஜான் தேவாலயம் 1846இல் கட்டப்பட்டது, 1806இல் இல்லை. ஜலகண்டேஸ்வரர் கோபுரம் இருந்தது. வழிபாடு இல்லை, மூலவர் திரும்ப வந்ததே 1981இல்தான். ஆகவே கோபுரத்தில் விளக்கு எரியக் கூடாது. கோபுரம் எந்த இடத்தில் தலைகாட்டும் என்பதைக் கோட்டையின் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மின்கம்பிக் கொக்கி, சிமென்ட் பூச்சு, புல்வெளி ஆகியவை வரைபவர் அறியாமலே உள்ளே நுழைந்துவிடும். அன்று தரை வெறும் மண்.

உடையில்தான் பெரும்பாலான படங்கள் சறுக்குகின்றன. 1857இன் உடையையும் ஆயுதத்தையும் எடுத்து 1806இல் மாட்டிவிடுகிறார்கள். மதராஸ் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு உண்டு. கீழே அக்கால அச்சுப் படங்களில் தெரிவது தொடையளவு வெள்ளை அரைக்காற்சட்டை, அதற்குக் கீழே மூடாத கால், பாதத்தில் செருப்பு. நள்ளிரவில் எழுந்தவர்கள் எல்லோரும் முழுச் சீருடையில் இருந்திருக்க முடியாது. காவல் பணியில் இருந்தவர்களுக்குக் கோட்டும் குறுக்குப் பட்டையும் கொடுங்கள். மற்றவர்களுக்கு வேட்டி, திறந்த மார்பு, தலையில் சுற்றிய துணி. இந்தக் கலப்பு படத்துக்கும் நல்லது, சிவப்பு ஒரே சுவராகிவிடாது.

அந்தப் புதிய தலைப்பாகையை யார் தலையிலும் வைக்காதீர்கள். முன்தரையில், மண்ணில் கவிழ்ந்து கிடக்கட்டும். தோல் பட்டயத்தின் விளிம்பில் பந்தத்தின் ஒளி ஒரு கோடாக விழட்டும். அதற்குப் பதிலாக முன்னால் நிற்கும் ஆளின் காதில் கடுக்கன், இன்னொருவர் நெற்றியில் நாமம், மூன்றாமவர் முகத்தில் தாடி. கடுக்கனுக்கு ஒரே ஒரு புள்ளி: நேப்பிள்ஸ் மஞ்சளில் மிகக் கொஞ்சம் ஆரஞ்சு, 0 எண் பிரஷ் நுனியால் ஒரு தொடல். இரண்டாவது தொடல் வைத்தால் நகைக்கடை விளம்பரமாகிவிடும்.

துப்பாக்கி சிக்கிமுக்கிக்கல் பொறி உடையது. கிழக்கிந்தியக் கம்பெனி பயன்படுத்திய வகையின் குழல் 39 அங்குலம், மொத்த நீளம் சுமார் 55 அங்குலம், அதன்மேல் 17 அங்குல பயனெட். பயனெட் செருகி நிறுத்தினால் சுமார் 6 அடி, பெரும்பாலான ஆட்களை விட உயரம். இதை மறந்து மூன்றரை அடித் துப்பாக்கி வரைந்தால் பொம்மை பிடித்தது போல இருக்கும். சுடும்போது நெருப்பு இரண்டு இடத்தில் தோன்றும்: பொறிக்கிண்ணத்தில் மேல்நோக்கி ஒரு சிறு வெடிப்பு, குழல் வாயில் நீண்ட நாக்கு.

அளவும் சட்டமும்

4 அடிக்கு 6 அடி ஒரு வீட்டு அறையில் கையாளக்கூடிய பெரிய அளவு. இதைவிடச் சிறியதில் கூட்டத்தின் முகங்கள் கரையும். சட்டத்துக்கு நன்றாகக் காய்ந்த மரம், 2 அங்குல அகலம், நடுவில் குறுக்கும் நெடுக்கும் ஒவ்வொரு கட்டை. கட்டையின் கேன்வாஸ் பக்கத்து உள்விளிம்பைச் சாய்வாக இழைக்கச் சொல்லுங்கள். இழைக்காவிட்டால் ஓராண்டில் துணியில் அந்த விளிம்பு கோடாகத் தெரியும். துணி 54க்கு 78 அங்குலம் வாங்கினால் நான்கு பக்கமும் 3 அங்குலம் மடிக்கக் கிடைக்கும். நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறி ஆணி அடியுங்கள். மூலைகளில் ஆப்பு செருக இடம் விட வேண்டும், ஏனென்றால் ஐப்பசி மழையில் துணி நிச்சயம் தொய்யும்.

முதலில் பி.வி.ஏ. பசை ஒரு பூச்சு. பிறகு ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைக் கலவை) மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் லேசான தேய்ப்பு. கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று நாள் விட்டு, பர்ன்ட் அம்பரில் கொஞ்சம் அல்ட்ராமரின் கலந்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுக்கத் தடவித் துணியால் துடைத்தெடுங்கள். வெள்ளைத் துணிமேல் விடியலை வரைய முடியாது; எல்லா இருட்டும் அளவுக்கு மீறி இருட்டாகத் தோன்றி, பயந்துபோய் வெளிறவைத்துவிடுவீர்கள்.

ஆட்களை நிறுத்துவது

இதில்தான் அதிக நாள் செலவாக வேண்டும். முன்னால் ஏழு பேர் போதும். நடுவில் பதினைந்து, அதற்கப்பால் வெறும் தீற்றல்கள். ஏழு பேரில் நால்வருக்கு மேல் முழு முகம் காட்டினால் குழுப் புகைப்படமாகிவிடும். ஒருவர் முதுகு காட்டட்டும், ஒருவர் துப்பாக்கிக்கு மருந்து திணித்துக்கொண்டு குனிந்திருக்கட்டும், ஒருவர் கொடியைப் பார்க்காமல் ஆற்காட்டுச் சாலையின் பக்கம் காது கொடுக்கட்டும். ஷேக் காசிம், ஷேக் ஆதம் போன்ற தலைவர்களின் பெயர் தெரியும், முகம் தெரியாது. முகம் தெரியாதவருக்குச் சினிமா நடிகர் முகத்தைக் கொடுக்காமல், இந்த மாவட்டத்து மனிதர்களை நிறுத்தி வரையுங்கள். உடல் உழைப்பு உள்ளவர்களின் கழுத்தும் முன்கையும் வேறு மாதிரி இருக்கும். ஜிம் உடம்பு 1806இல் ஒட்டாது.

மாதிரி ஆளை இருட்டறையில் நிறுத்தி, ஒரு பக்கம் மஞ்சள் பல்பு, மறுபக்கம் ஜன்னல் வழி வரும் மாலை வெளிச்சம் என்று வைத்தால் நமக்கு வேண்டிய இரட்டை ஒளி கிடைத்துவிடும். துப்பாக்கிக்கு 55 அங்குல மரக்கட்டை கொடுத்து, அதில் சுமார் நாலரை கிலோ எடை வரும்படி ஏதாவது கட்டுங்கள். எடை இல்லாத கட்டையைப் பிடித்த தோள் பொய் சொல்லும்.

கண்மட்டக் கோட்டைக் கேன்வாஸின் அடியிலிருந்து 20 அங்குலத்தில் வையுங்கள். பார்ப்பவரும் தரையில் நிற்பவர் என்று வைத்துக்கொண்டால், அதே தரையில் நிற்கும் எல்லோருடைய கண்ணும், அருகே நின்றாலும் தொலைவில் நின்றாலும், அந்தக் கோட்டின்மேல்தான் வரும். மாறுவது பாதங்களின் இடம் மட்டுமே. கூட்டப் படங்களில் ஆட்கள் மிதப்பதற்கு இந்த விதியை மீறுவதே காரணம். முன்னால் நிற்பவரின் பாதம் அடியிலிருந்து 3 அங்குலத்தில் இருந்தால், ஐந்தரை அடி ஆள் கேன்வாஸில் ஏறக்குறைய 18½ அங்குலம் வருவார், தலை இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அவர் துப்பாக்கி 15, பயனெட்டோடு 20. மதில்மேல் கொடியை இழுப்பவர் 4 அங்குலம் என்று வையுங்கள். மதிலின் நடைமேடை தரையிலிருந்து 20 அடி உயரம் என்று கொண்டால் அவர் பாதம் கேன்வாஸின் அடியிலிருந்து 31 அங்குலத்தில் விழும், தலை 35இல். மேலே 13 அங்குலம் வானமும் கொடிமரமும். கொடியைப் பாதி ஏறிய நிலையில் விடுங்கள். ஏறி முடிந்த கொடியைவிடப் பாதி ஏறிய கொடி, கீழே நிற்பவர்களின் தலையை நிமிர்த்த நல்ல காரணம் தரும்.

கொட்டடியில் கொல்லப்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களை என்ன செய்வது? மறைக்கக் கூடாது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். இடது ஓரத்தில், பந்தத்தின் ஒளி எட்டியும் எட்டாமலும், இரவுச் சட்டையோடு வாசற்படியில் சாய்ந்த ஓர் உடல் இருக்கட்டும். முன்னிற்கும் சிப்பாய்களில் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அது இல்லாத படம் சுவரொட்டி அளவில் நின்றுவிடும்.

முழு அமைப்பையும் முதலில் 16க்கு 24 அங்குலத் தாளில் கருப்பு வெள்ளையில் முடித்து, 2 அங்குலக் கட்டம் போடுங்கள். கேன்வாஸில் 6 அங்குலக் கட்டம். இரண்டிலும் 96 கட்டங்கள் வரும். கட்டத்தைக் கரித்துண்டால் போட்டால் பிறகு துடைத்துவிடலாம். பென்சில் கோடு ஆண்டுகள் கழித்து மெல்லிய வண்ணத்தின் வழியே எட்டிப்பார்க்கும்.

வண்ணம்

பேலட்டில் எட்டு போதும்: டைட்டானியம் வெள்ளை, நேப்பிள்ஸ் மஞ்சள், எல்லோ ஓக்கர், வெனிஷியன் சிவப்பு, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின், ஐவரி கருப்பு, தீக்கு மட்டும் காட்மியம் ஆரஞ்சு. அலிசரின் கிரிம்சன் வேண்டுமென்றால் குழாயின் பின்புறம் பாருங்கள், பி.ஆர். 83 என்ற நிறமிக் குறி இருந்தால் வாங்க வேண்டாம், மெல்லியதாகப் பூசினால் வெளிச்சத்தில் மங்கிப்போகும்.

முதல் சுற்று முழுவதும் அம்பரும் வெள்ளையும் மட்டும், டர்பன்டைன் கலந்து, எண்ணெய் சேர்க்காமல். கருப்பு 1, வெள்ளை 9 என்று ஓர் அளவுப் பட்டை செய்து பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். வானத்தின் வலது கீழ்ப்பகுதி 6, இடது மேல்பகுதி 3, மதில் 2, தரை 2லிருந்து 3, பந்தம் படும் முகங்கள் 5. பந்தத்தின் நடுவில் நகக்கண் அளவுக்கு மட்டும் 8. எங்கும் 9 கிடையாது. பலருடைய பந்தம் எரியாமல் போவதற்குக் காரணம் பந்தத்தில் வெள்ளை குறைவு என்பதல்ல, சுற்றிலும் 6, 7 என்று வாரி இறைத்திருப்பதுதான்.

இரண்டாம் சுற்றில் நிறம். மங்கிய வெளிச்சத்தில் சிவப்புதான் முதலில் கருக்கும். நீலமும் பச்சையும் அதன்பிறகும் தெரியும். விடியல் ஒளி மட்டும் படும் சிவப்புக் கோட்டு கிட்டத்தட்டப் பழுப்புக் கருப்பு: வெனிஷியன் சிவப்பு இரண்டு பங்கு, அல்ட்ராமரின் ஒரு பங்கு, கொஞ்சம் அம்பர். அதே கோட்டில் பந்தம் படும் மடிப்பு மட்டும் வெனிஷியன் சிவப்போடு ஆரஞ்சு. முழுக் கோட்டையும் பட்டொளிச் சிவப்பாக வரைந்தால் நண்பகல் ஆகிவிடும், போட்ட கணக்கெல்லாம் வீண். கொடிக்கும் இதே நியாயம்: வானத்தை எதிர்த்து நிற்பதால் அது நிறமாக அல்ல, இருண்ட வரிகளாகத்தான் தெரியும். துணி மெல்லியதாக இருக்கும் இடத்தில் வானத்தின் ஒளி லேசாக ஊடுருவட்டும். மடிப்பு இரட்டிக்கும் இடத்தில் வரி கருக்கட்டும்.

கருமருந்துப் புகை வெள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும், வெள்ளையாகவே வரைந்துவிடுவார்கள். வெளுத்த வானத்துக்கு முன்னால் புகை அதைவிட இருட்டாக இருக்கும், இருண்ட மதிலுக்கு முன்னால் நீலச் சாம்பல், பந்தத்தின் அருகே செம்மஞ்சள். ஒரே புகைக்கு மூன்று நிறம். இரவு முழுதும் சுட்டிருப்பதால் அது தரையோடு படிந்து, முழங்கால் உயரத்தில் நடுவரிசை ஆட்களின் கால்களை மறைக்கும். இது உங்களுக்கு வசதி, முப்பது கால்களை வரைய வேண்டியதில்லை. கீழே இருக்கும் வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு, காய்ந்த பன்றிமுடிப் பிரஷில் மிகக் குறைந்த வண்ணம் எடுத்துத் தேய்த்தால் புகை வரும். ஈரத்தில் செய்தால் சேறுதான் வரும்.

ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் கொஞ்சம் கூடிக்கொண்டே போக வேண்டும். கடைசி மெருகுப் பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சமபங்கு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், மேலே இருப்பது முதலில் இறுகி, கீழே இருப்பது பிறகு அசைந்து, வானம் சிலந்திவலையாக வெடிக்கும். அம்பர் விரைவில் காயும், கருப்பு மெதுவாகக் காயும். ஆகவே கருப்பை அடிப்பூச்சில் கனமாக வைக்காதீர்கள். எண்ணெய் ஊறிய துணிகளைக் குவித்துப் போடுவது ஆபத்து, தானாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, விரித்து உலர்த்தி, வெளியே எறியுங்கள்.

படம் தொட்டால் காய்ந்ததாகத் தோன்றினாலும் வார்னிஷுக்கு ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும், புகைப் பகுதியும் தீயும் கனமாக இருந்தால் ஒரு வருடம். மழைக்காலத்தில் அடித்தால் வெண்ணிறத் திரை படியும். மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, படத்தைக் கிடையாக வைத்து மெல்லிய ஒரே பூச்சு. மாட்டும்போது வெளிச்சுவரைத் தவிருங்கள். வேறு வழியில்லை என்றால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் துணிக்கும் நடுவே அரை அங்குலக் காற்று விடுங்கள். பின்பக்கம் பூஞ்சை பிடித்தால் அது ஜெஸ்ஸோவரை வந்துவிடும்.